கட்டிலில் இருந்து வீட்டுக்கு – காசநோய் சிகிச்சையைச் சென்னை மாற்றிய கதை

சென்னைக் கடற்கரையில் இருந்து புறப்படும் மின்சார ரயில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தில் நிற்கும். "சானடோரியம் வந்துடுச்சு, இறங்கு" என்று தினமும் சொல்கிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊரின் பெயர் மட்டும்தான். உண்மையில் அது ஊரின் பெயர் அல்ல, ஒரு சிகிச்சை முறையின் பெயர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், நோயாளியை ஊருக்கு வெளியே நல்ல காற்றுள்ள இடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்ட இடமே சானடோரியம்.

அந்தக் கட்டில் தேவையில்லை, நோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊரும் இதே சென்னைதான். சானடோரியம் நிலையத்தில் இருந்து அதே ரயிலில் திரும்பி வந்தால் சேத்துப்பட்டு வரும். அங்கேதான் 1956இல் அந்த ஆராய்ச்சி தொடங்கியது.

இந்தக் கதையை "மாத்திரை வந்தது, நோய் தோற்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் மாத்திரை தானாக நோயாளியின் வாய்க்குள் போவதில்லை!

மருந்து இல்லாத காலம்

சயரோகம், எலும்புருக்கி நோய், டி.பி. எனப் பல பெயர்களில் நம் ஊரில் அறியப்பட்ட நோய் இது. இதை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. இன்றும் அந்த நாளே உலகக் காசநோய் தினம்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனை அடிக்க ஆயுதம் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில் நோயாளிக்குக் கிடைத்தது எல்லாம் பராமரிப்பு மட்டுமே. 1850களில் ஜெர்மனியில் ஹெர்மன் பிரெமர் தொடங்கிவைத்த சானடோரியம் முறை ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. ஓய்வு, திறந்த வெளிக் காற்று, பால், முட்டை, இறைச்சி என்று சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை.

தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மென்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917இல் நோய்வாய்ப்பட்டபோது சில காலம் அங்கே இருந்தார். (ராமானுஜனுக்குக் காசநோய் என்று கருதியே அன்று சிகிச்சை அளித்தார்கள். அது காசநோய்தானா என்பதில் பிற்கால மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு.) சௌரி முத்து நாடு திரும்பி 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது.

சானடோரியத்தில் மருத்துவரை விட அதிக நேரம் நோயாளியோடு இருந்தவர் நர்ஸ்தான். காலையும் மாலையும் காய்ச்சல் அளந்து அட்டையில் குறிப்பது, எடை பார்ப்பது, சளிக் குவளையைப் பத்திரமாக எடுத்துச் சென்று எரிப்பது, ரத்தம் ரத்தமாக இருமும் நோயாளியை அசையாமல் படுக்க வைத்து தைரியம் சொல்வது, "வீட்டுக்கு எப்போது போகலாம்?" என்ற கேள்விக்குத் தினமும் ஒரு பதில் கண்டுபிடிப்பது என எல்லாமே அவர் வேலை. அந்த நோயே அவரையும் தொற்றக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனை இதற்கு ஓர் உதாரணம். 1929 வாக்கில் வெள்ளைக்கார நர்ஸ்கள் தொற்றுக்குப் பயந்து அங்கிருந்து விலகிப் போனார்கள். அந்த இடங்களை நிரப்ப அழைக்கப்பட்டவர்கள் கறுப்பின நர்ஸ்கள். நிறவெறியால் வேறு மருத்துவமனைகளின் கதவு மூடியிருந்த காலத்தில் இந்த ஆபத்தான வேலை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. பின்னாளில் 'கறுப்பு தேவதைகள்' என்று அவர்களைக் குறிப்பிட்டார்கள்.

மூன்று மருந்துகள்

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியில் இருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைத் தாக்கிய முதல் நல்ல மருந்து அதுதான்.

போருக்குப் பின் பிரிட்டனில் இந்த மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்தார்கள். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர் இறந்தார்கள். 1948இல் வெளியான இந்த முடிவு மருத்துவ ஆராய்ச்சி முறையையே மாற்றியது.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. முதலில் தேறியவர்கள் மறுபடி விழுந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் காசநோய்க் கிருமி அதை ஜெயித்துவிடும் என்ற பாடம் இங்கே கிடைத்தது.

சுவீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய பாஸ் என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது கிருமியின் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 1952இல் மூன்றாவது மருந்தான ஐசோநியாசிட் வந்தது. அதன் முதல் சோதனைகள் நடந்த இடங்களில் அதே சீ வியூ மருத்துவமனையும் ஒன்று. விலை மலிவு, ஊசி தேவையில்லை, வாயால் விழுங்கலாம். 1954இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ட்ரூடோ சானடோரியமே மூடப்பட்டது.

சென்னையின் கேள்வி

மருந்து வந்துவிட்டது. இந்தியாவில் நிலைமை என்ன?

1955 முதல் 1958 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஓர் உண்மையைச் சொன்னது. ஆயிரம் பேரில் சுமார் 15 பேருக்கு எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தது. சுமார் 4 பேரின் சளியில் கிருமி இருந்தது. நகரம், கிராமம் என்ற பெரிய வித்தியாசமும் இல்லை. அப்படியானால் நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் மற்றவர்களுக்குத் தொற்றவைக்கும் நிலையில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சானடோரியத்தில் கட்டில் போடுவது நடக்கிற காரியமா?

கட்டில் கிடைத்தாலும் பிரச்சினை தீரவில்லை. கூலி வேலை செய்யும் தகப்பன் ஒரு வருடம் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய் போய்விட்டால் குழந்தைகளை யார் பார்ப்பது?

இந்த நிலையில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டனில் இருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். மையத்தின் முன் இருந்த கேள்வி எளிமையானது. ஏழை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாவாரா?

கேள்வி எளிது, ஆனால் அதற்குள் ஒரு பயம் இருந்தது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் வாழும் வீட்டில், கிருமியை இருமித் துப்பும் ஒருவரை விட்டுவைத்தால் குழந்தைகளின் கதி என்ன? சானடோரியம் நோயாளியைக் குணப்படுத்த மட்டும் அல்ல, அவரைக் குடும்பத்தில் இருந்து பிரித்து வைக்கவும்தான் இருந்தது.

193 பேர்

சென்னையின் ஏழை மக்களில் புதிதாக நோய் கண்ட 193 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் 96 பேர் வீட்டுக்கும் 97 பேர் சானடோரியத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து. ஐசோநியாசிட்டும் பாஸும், தினமும், ஒரு வருடம்.

மற்ற எல்லாவற்றிலும் சானடோரியத்தின் கை ஓங்கியிருந்தது. அங்கே நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம், நர்ஸ் கையால் மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு. சற்று உடம்பு தேறியதும் பலர் வேலைக்கும் போனார்கள்.

ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம்! சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகமாகக் கூடியிருந்தது உண்மை. ஆனால் கிருமியை ஒழிப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

குழந்தைகளைப் பற்றிய பயம்? குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம் இதுதான். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்ற வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு தொற்றும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. நோயாளியைத் தனியாகப் பிரித்து வைப்பதால் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் மிகக் குறைவு.

முதல் முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. அடுத்த பத்தாண்டில் வீட்டுச் சிகிச்சையே உலகம் முழுவதும் வழக்கமானது.

படியேறி வந்த நர்ஸ்

இந்த 86 சதவீதம் எப்படிச் சாத்தியமானது?

'வீட்டுச் சிகிச்சை' என்றால் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது அல்ல. நோயாளிகள் குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். வராதவரைத் தேடி நர்ஸ்களும் சுகாதாரப் பணியாளர்களும் அவர் வீட்டுக்கே போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போய் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். பாஸ் சாப்பிட்டிருந்தால் குறிப்பிட்ட ரசாயனத்தைச் சேர்த்ததும் சிறுநீரின் நிறம் மாறிவிடும். மாத்திரை உடம்புக்குள் போனதா, கூரையில் செருகப்பட்டதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இவ்வளவு சந்தேகம்? நோயாளி பொய் சொல்கிறவர் என்பதால் அல்ல. பாஸ் தினமும் பல கிராம் அளவில் விழுங்க வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். ஐசோநியாசிட் சிலருக்குக் கைகால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தந்தது. சிறிதளவு வைட்டமின் பி6 அதைத் தடுக்கும் என்பதைச் சென்னை மையத்தின் ஆய்வுகளும் காட்டின. இது போன்ற தொல்லைகளை முதலில் கேட்டவர் வீட்டுக்கு வந்த நர்ஸாகவே இருந்திருப்பார்.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். "நான்தான் நல்லா இருக்கேனே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று தோன்றுவது மனித இயல்பு. ஆனால் கிருமி இன்னும் உள்ளே இருக்கும். பாதியில் நிறுத்தினால் மறுபடி கிளம்பும், இந்த முறை மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் கிளம்பலாம். நோயாளி தானே மருந்து சாப்பிடுவதில் உள்ள இந்தச் சிக்கலைப் பற்றி வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரை எழுதினார்.

அதற்கு மையம் கண்ட வழி புத்திசாலித்தனமானது. தினமும் ஒருவரை மையத்துக்கு வரவழைப்பது கஷ்டம். வாரம் இரண்டு முறை மட்டும் வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோநியாசிட்டும் பணியாளரின் கண் முன்னால் கொடுத்தால்? 1960களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். தினமும் வீட்டில் சாப்பிட்ட மருந்துக்கு இது எந்த விதத்திலும் குறைவாக இல்லை. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்குச் சென்னையும் ஹாங்காங்கும் போட்ட விதை இது.

மறந்துபோன பாதி

1962இல் இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. சென்னை காட்டிய வழியில், சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே இலவச மருந்து, வீட்டில் இருந்தே சிகிச்சை. எண்ணம் அருமையானது. ஆனால் சென்னையின் கண்டுபிடிப்பில் ஒரு பாதிதான் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. மாத்திரை போனது, தேடிப் போகும் ஆள் போகவில்லை. பணமும் பணியாளரும் பற்றாக்குறை, சில சமயம் மருந்தே பற்றாக்குறை. 1992இல் திட்டத்தை ஆராய்ந்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முழுதாக முடித்தது தெரியவந்தது.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அளவிலான அவசரநிலை என்று அறிவித்தது. 1997இல் இந்தியா டாட்ஸ் முறையிலான புதிய திட்டத்தைத் தொடங்கி, 2006க்குள் நாடு முழுவதும் கொண்டுபோனது. இதற்குள் ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மருந்துகளின் உதவியால் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதும் சிகிச்சைதான்.

டாட்ஸ் முறையிலும் குறை இருந்தது. ஒருவர் பார்க்க மாத்திரை விழுங்குவதற்காகக் கூலியை விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துக்கு நோய் தெரிந்துவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது. கண்காணிப்பு வேறு, கவனிப்பு வேறு. வாரம் மூன்று நாள் மருந்து என்று இருந்த முறையை மாற்றி, 2017இல் நாடு முழுவதும் தினசரி மருந்து முறை கொண்டுவரப்பட்டது.

சாப்பாடும் கட்டிலும் திரும்பி வந்தன

சென்னை ஆய்வைத் தவறாகப் படித்தவர்களும் உண்டு. "சத்துணவு இல்லாமலே குணமானார்களே, அப்படியானால் உணவு முக்கியம் இல்லை" என்று அவர்கள் நினைத்தார்கள். ஆய்வு சொன்னது அது அல்ல. நல்ல மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், குறைந்த உணவிலும் கிருமி ஒழியும் என்பதே அது சொன்னது. பசியோடு இருப்பவருக்கு நோய் எளிதில் வருகிறது, வந்தால் சாவு அருகில் இருக்கிறது என்ற உண்மையை அது மறுக்கவில்லை.

சேத்துப்பட்டு நிறுவனமும் (2011 முதல் அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) பங்குபெற்ற ஓர் ஆய்வு ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியானது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக வேலை செய்தன!

கட்டிலும் ஒரு வகையில் திரும்பியிருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியானதும் அரசு மருத்துவமனைப் பணியாளர் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா? காலில் வீக்கமா? மூச்சு வாங்குகிறதா? ஆக்சிஜன் குறைவா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடலாம். எல்லோருக்கும் கட்டில் தேவையில்லை என்று சொன்ன அதே மாநிலம், யாருக்குக் கட்டில் கட்டாயம் தேவை என்பதையும் இப்போது கணக்கெடுக்கிறது.

மருந்து இல்லாத காலத்தில் பராமரிப்பு மட்டும் இருந்தது, பலர் இறந்தார்கள். பராமரிப்பு இல்லாமல் மருந்து மட்டும் போன காலத்திலும் பலர் இறந்தார்கள். சென்னையில் 193 பேரின் கதை நன்றாக முடிந்ததற்குக் காரணம், மாத்திரையோடு ஒரு மனிதரும் அவர்களைத் தேடிப் போனதுதான். ஆராய்ச்சி இதழில் மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வீட்டுப் படியேறி, "இன்னிக்கு மாத்திரை சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்ட நர்ஸ்களில் பலரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களின் கூட்டுத்தொகைதான் அந்த 86 சதவீதம்.